புரோகிராம் படிக்காத வரிகள்

நேற்றுக் காலை டெக்சாஸ் ஃபிரிஸ்கோவில் ஒரு டாக்டர் ஆபீஸில் என் கையில் ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். அதில் வரிசையாக ஆறு வட்ட முகங்கள். முதல் முகம் சிரிக்கிறது, கடைசி முகம் அழுகிறது. கீழே பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண்கள். என் தோள்வலி எந்த முகம் என்று பேனாவால் சுழித்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் சுழித்துக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். நான் மட்டும் பேனாவை மூடுவதும் திறப்பதுமாக உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்திலிருந்த மகள் எட்டிப் பார்த்தாள். "அம்மா, ஜஸ்ட் பிக் ஒன். இட்ஸ் நாட் அ டெஸ்ட்" என்றாள். அவளுக்கு எட்டு வயதாகிறது. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறாள். டெஸ்ட் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. பாவம், அவளுக்கு என்ன தெரியும்?

உன் குரல் காதில் ஒலித்தது என்றெல்லாம் எழுத மாட்டேன், எழுதினால் நீ சிரிப்பாய். எனக்கு ஞாபகம் வந்தது உன் கோபம்தான். இதே மாதிரி ஒரு முகவரிசையை எங்கிருந்தோ கிழித்து வந்து, நாம் இருவரும் வேலை பார்த்த ஆபீஸ் சுவரில் ஒட்டி, அதன் கீழே சிவப்பு மார்க்கரால் "குத்துதா, கடுக்குதா, எரியுதா, குடையுதா, பிசையுதா?" என்று தமிழில் எழுதி வைத்தாயே. மேனேஜர் வந்து பார்த்துவிட்டு, இது என்ன மொழி என்று கேட்டார். நோயாளிகளின் மொழி என்று இங்கிலீஷில் பதில் சொன்னாய். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அப்படி ஒரு மொழி இருப்பதாகவே நம்பியிருப்பார்.

எனக்கு இருந்தது குடைச்சல். தோள் மூட்டுக்குள் எதையோ விட்டு யாரோ மெதுவாகத் திருகுகிற மாதிரி. அதற்கு எந்த முகம்? நடுவிலிருந்த ஒன்றைச் சுழித்துக் கொடுத்தேன். டாக்டர் அதைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்வதால் வருவது என்று சொல்லி, கையைச் சுற்றும் பயிற்சி நான்கு எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபின் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. துணி மடித்தேன், பாதியில் விட்டேன். டீ போட்டேன், குடிக்கவில்லை. கடைசியில் கராஜுக்குப் போய், நியூ ஜெர்சியிலிருந்து கொண்டுவந்து இன்னும் பிரிக்காமல் கிடக்கும் பெட்டிகளைப் பிரித்தேன். மூன்றாவது பெட்டியில் உன் சிடி இருந்தது. மேலே உன் கோணல் கையெழுத்து.

இன்று ஞாயிற்றுக்கிழமை. என் கணவர் மகளைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போயிருக்கிறார். நான் தோளைக் காரணம் காட்டி நின்றுவிட்டேன். நீ இறந்துபோய் ஒன்பது மாதமாகிறது. உன்னிடம் நான்கு வருடமாகச் சொல்லாத ஒன்றைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் எனக்கு வரும். குறுக்கே பேசாதே.

2003-ல் நீ அந்தக் கம்பெனிக்கு வந்தாய். நாம் குடியிருந்த நியூ ஜெர்சி பிளெய்ன்ஸ்பரோவிலிருந்து ரூட் ஒன் வழியாகப் பதினைந்து நிமிடம். மொத்தமே இருபது பேர். மருந்துக் கம்பெனிகள் நமக்கு வேலை கொடுத்திருந்தன. மருந்து சாப்பிட்டு ஏதோ ஆகிவிட்டது என்று ஜனங்கள் போன் செய்வார்கள், சிலர் கடிதம் எழுதுவார்கள். அத்தனையையும் நம் சாஃப்ட்வேர் படித்து, இதை டாக்டர் இன்றைக்கே பார்க்க வேண்டும், இது காத்திருக்கலாம் என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். நான் புரோகிராம் எழுதுகிறவள். நீ சொற்பொருளில் பிஎச்.டி முடித்துவிட்டு, வார்த்தைகளுக்கு அர்த்தம் சொல்லும் டிக்‌ஷனரியை மெஷினுக்கு எழுத வந்தவள்.

என் வழி சுலபமானது. பழைய ஆபத்தான கேஸ்களில் எந்தெந்த வார்த்தைகள் எத்தனை தடவை சேர்ந்து வந்திருக்கின்றன என்று மெஷின் எண்ணும். புதிதாக வருவதிலும் அவை வந்தால் மேலே தூக்கும். எனக்கு அர்த்தம் தெரிய வேண்டாம், எண்ணிக்கை தெரிந்தால் போதும் என்று முதல் நாளே உன்னிடம் சொன்னேன். பெரிய புத்திசாலி என்று எனக்கு நினைப்பு.

நீ கோபப்படவில்லை. மத்தியானம் சாப்பிடும்போது ஆரம்பித்தாய்.

"ஏளா, எங்க ஊரு காயல்பட்டினத்துல கல்யாணச் சாப்பாடு எப்படி வைப்பாஹ தெரியுமா? பெரிய தட்டு. சஹன்னு சொல்லுவோம். ஒரு சஹனுக்கு இத்தனை பேருன்னு கணக்கு. சுத்தி உக்காந்து எல்லாரும் ஒரே தட்டுல சாப்பிடணும். ஒரு ஆள் வரலன்னா மத்தவங்க கை வைக்க மாட்டாஹ. எங்கன்னு தேடுவாஹ."

உன் 'வைப்பாஹ', 'தேடுவாஹ' எல்லாம் அப்போது எனக்குப் புதிது. அம்பத்தூரில் அதையெல்லாம் யார் பேசுகிறார்கள்? சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அதுக்கும் நம்ம டிக்‌ஷனரிக்கும் என்னடி சம்பந்தம்?" என்று கேட்டேன்.

"ஒவ்வொரு வினைச்சொல்லும் ஒரு சஹன். 'குடு'ன்னு சொன்னா மூணு இடம் போடணும். குடுத்தவன், வாங்குனவன், குடுத்த பொருள். ஒண்ணைக் காணலன்னா எங்கன்னு தேடணும். அதான் அர்த்தம். உன் மெஷின் தட்டுல இருக்குற சோத்தை மட்டும் எண்ணுது. யாரு உக்காந்திருக்கா, யாரு வரலன்னு பாக்கவே மாட்டேங்குது."

"தேடிட்டே இருந்தா டெட்லைன் வந்துரும். சாப்பிடு."

அன்றிலிருந்து அந்தச் சண்டைதான். ஆபீஸில் விட்டதை காரில் தொடர்வோம். உன்னைத் தினமும் நான்தான் கூட்டிப் போய் வந்தேன், ஏனென்றால் நீ ஓட்ட மாட்டாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரின்ஸ்டன் ஜங்ஷன் ஸ்டேஷன் பார்க்கிங்கில் உனக்குச் சொல்லிக் கொடுத்தேன். நன்றாகத்தான் ஓட்டினாய். வெளியே வந்து ரூட் ஒன்னில் ஓடுகிற கார்களுக்கு நடுவே நுழை, மெர்ஜ் பண்ணு என்றதும் கண்ணை மூடிக்கொண்டாய். பக்கத்து சீட்டில் இருக்கிறவள் கண்ணை மூடினால் பரவாயில்லை, ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறவள் மூடலாமா? அதோடு உன் டிரைவிங் முடிந்தது.

பக்கத்து சீட்டில் உட்கார்ந்து உம்மாவுக்குப் போன் போட்டதைச் சொல்வாய். "உம்மாக்கு முட்டு கடுக்குதாம். வலிக்குதுன்னு சொல்லல, கவனி, கடுக்குதுன்னுதான் சொன்னாஹ. அப்ப மழை வரும்." அடுத்த வாரம் மழை வந்ததா என்று நானும் கேட்பேன். அப்படித்தான் உன் வேலை எனக்குப் பாதி புரிந்தது. உடம்பில் எந்த இடம், யாருக்கு, எதற்குப் பிறகு, எவ்வளவு நேரமாக, எது செய்தால் தணிகிறது என்று அந்த ஒரு சொல்லைச் சுற்றி நீ ஆட்களை உட்கார வைத்துக்கொண்டே போவாய். இங்கிலீஷில் வலியில் தொடங்கி, நோயாளி எழுதக்கூடிய ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் இப்படி ஒரு பதிவு. ஒரு நாளைக்கு ஆறு எழுதினால் பெரிது. நான் அதற்குள் இருபதாயிரம் கேஸ் ஓட்டி முடித்திருப்பேன்.

ஒவ்வொரு பதிவின் அடியிலும் ஹாஷ் குறி போட்டு இரண்டு மூன்று வரி எழுதுவாய். ஹாஷ் போட்ட வரியை புரோகிராம் படிக்காது, தாண்டிப் போய்விடும். மனிதர்கள் படிக்க வேண்டுமானால் படித்துக்கொள்ளலாம். நீ அதில் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து வைப்பாய், நீளநீளமாக.

"உன் ஃபைல் மட்டும் ஏன்டி இவ்ளோ பெருசா இருக்கு?"

"உதாரணம் எழுதுறேன்."

"மெஷினுக்கு எதுக்கு உதாரணம்?"

"மெஷினுக்கு இல்லளா. பின்னாடி எவளாச்சும் வந்து படிப்பா."

நான் என்ன செய்தேன்? அந்த வரிகளை வெட்டி எறிந்துவிட்டு ஃபைலைச் சின்னதாக்குகிற ஒரு குட்டி புரோகிராமை உன் முன்னாலேயே ஐந்து நிமிடத்தில் எழுதி, ஓட்டியும் காட்டினேன். எவ்வளவு வேகமாகிவிட்டது பார் என்று பெருமை வேறு. நீ உன் பிரதியை மட்டும் தனியாக வைத்துக்கொண்டாய்.

கடிதங்களுக்கு வருகிறேன். அதுவரை வரத்தான் எனக்கு இத்தனை சுற்று.

நமக்கு வந்ததில் பெரும்பகுதி போனில் கேட்டு ஆபரேட்டர்கள் அடித்த குறிப்புகள். அவர்களுக்கென்று பத்து இருபது வார்த்தைகள் உண்டு, அதையேதான் திருப்பித் திருப்பி எழுதுவார்கள். அதில் என் மெஷின் ராஜா. கையால் எழுதிய கடிதங்கள் ஓர் அட்டைப்பெட்டி நிறைய இருந்தன. எல்லாம் வயதானவர்கள் எழுதியவை. அவற்றை டைப் அடிக்க ஆளில்லை என்று மேனேஜர் சொன்னதும், நீயே சனி ஞாயிறுகளில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடித்தாய்.

ஒரு கிழவி எழுதியதை காரில் எனக்குப் படித்துக் காட்டினாய். கெட்டிலைத் தூக்கப் போனேன், என் கை வேறு யாருடைய கையோ மாதிரி இருந்தது, அந்தப் பெண்மணியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் தூக்க வேண்டும் போலிருந்தது என்று எழுதியிருந்தாள். அதில் வலி என்ற வார்த்தை இல்லை. மரத்துப் போச்சு என்பதும் இல்லை. என் மெஷின் அதைப் படித்துவிட்டு, அவசரமில்லை என்று அடியில் போட்டது. உன்னுடையது மேலே தூக்கி வைத்தது. தூக்குகிறவள் இருக்கிறாள், தூக்க வேண்டிய பொருள் இருக்கிறது, தூக்கும் கையைத்தான் காணோம், தேடு.

"பாத்தியா?" என்றாய்.

"ஒரு லெட்டரை வச்சுப் பேசாத" என்றேன். ஆனால் அன்று வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவும்போது என் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். இதையும் உன்னிடம் சொன்னதில்லை.

2005 ஏப்ரலில் மேனேஜர் நம் இருவரையும் கூப்பிட்டார். இரண்டு முறைகளையும் வைத்துக்கொள்ள வசதியில்லை, ஒன்றுதான் தங்கும், ஒருவர்தான் தங்க முடியும் என்றார். ஒரே டெஸ்ட் வைப்போம், ஜெயிக்கிறது எதுவோ அது. கேஸ்கள் எல்லாம் என் மெஷினில் இருந்ததால் டெஸ்டுக்கு எந்தக் கேஸ்களை எடுப்பது என்பதை என்னிடமே விட்டார். பரீட்சை எழுதுகிறவளையே கேள்வித்தாளும் போடச் சொன்ன கதை. வேறு யாராவது பொறுக்கட்டுமே என்று நீ கேட்டிருக்கலாம். நீ கேட்கவில்லை. "அவளே பண்ணட்டும். அவ நேர்மையாத்தான் பண்ணுவா" என்று இங்கிலீஷில் அவரிடம் சொன்னாய். அந்த வாக்கியத்தை நான் எத்தனை தடவை நினைத்திருப்பேன் என்று கேட்காதே.

என் நிலைமை உனக்குத் தெரியும். என் கணவருக்கு வேலை போய் மூன்று வருடத்துக்கு மேலாகியிருந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடைத்த வேலைகள் எதுவும் ஒட்டவில்லை. எனக்கு எச்-ஒன் விசாவில் கடைசி, ஆறாவது வருடம். கம்பெனி கிரீன் கார்டுக்குப் போட்டிருந்தது. என் வேலை போனால் மூன்று பேரும் பெட்டி கட்ட வேண்டும். நாலு வயசு மகள் டேகேரில் கற்றுக்கொண்ட பாட்டைப் பாடிக்கொண்டு வீட்டைச் சுற்றி வருவாள், நான் விசா தேதியைக் கணக்குப் போடுவேன். உனக்கும் அதே கிரீன் கார்டு, அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தது. ஆனால் நீ ஒண்டி ஆள், படித்தவள், எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸில் நான் மட்டும் இருந்தேன். டெஸ்டுக்கு முன்னால் சும்மா ஓட்டிப் பார்க்கலாம் என்று குறிப்புகள் கொஞ்சம், உன் கடிதங்கள் கொஞ்சம் எடுத்து இரண்டு முறையிலும் ஓட்டினேன். குறிப்புகளில் நாம் இருவரும் ஏறக்குறைய சமம், நான் ஓர் இம்மி மேலே. கடிதங்களில் என் மெஷின் மண்ணைக் கவ்வியது. உன்னுடையது ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வைத்துக்கொண்டே போனது. தப்பாக ஓட்டிவிட்டேனோ என்று மறுபடி ஓட்டினேன். அதேதான் வந்தது.

எழுந்து போய் மெஷின் காபி வாங்கிக் குடித்தேன். பார்க்கிங்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு வந்து உட்கார்ந்து, டெஸ்ட் பட்டியலிலிருந்து கடிதங்கள் அத்தனையையும் எடுத்தேன். காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது. ஸ்கேன் தெளிவாக இல்லை என்று எழுதினேன். ஸ்கேன் என்று ஒன்று கிடையவே கிடையாது. நீ அடித்து வைத்திருந்தாய், ஓர் எழுத்துப் பிழையில்லாமல்.

இதுதான் நான் செய்தது. எழுதிவிட்டேன். எழுதினால் தோள்பாரம் இறங்கும் என்று நினைத்தேன், இறங்கவில்லை.

புதன்கிழமை மீட்டிங்கில் முடிவு வந்தது. என் முறை கொஞ்சம் மேலே, வேகத்தில் ரொம்ப மேலே. மேனேஜர் இருவருக்கும் கை கொடுத்தார். நீ பட்டியலைப் புரட்டினாய்.

"லெட்டர்ஸ் இதுல இல்லையா?"

"குவாலிட்டி இஷ்யூ" என்றேன்.

நீ என்னைப் பார்த்தாய். ஒரு நொடிதான் இருக்கும். "சரி" என்று சொல்லிப் பட்டியலை மூடி வைத்தாய். அன்று சாயங்காலம் காரில் நீ உம்மாவைப் பற்றித்தான் பேசினாய். முட்டுக் கடுப்பு குறைந்திருக்கிறதாம், மழை வராதாம்.

அந்த வாரமும் அடுத்த வாரமும் நான் உனக்கு லெமன் ரைஸ் கொண்டுவந்தது ஞாபகமிருக்கிறதா? இரண்டு டப்பா கட்டுவேன், ஒன்று எனக்கு, ஒன்று உனக்கு. கேட்டால் நிறைய செய்துவிட்டேன் என்பேன். பத்தாவது நாளோ என்னவோ டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னைக்கும் லெமன் ரைஸாளா? வீட்டுல எலுமிச்சை மரம் ஏதும் நட்டுட்டியா?" என்று கேட்டாய். நான் தேவைக்கு மேல் சத்தமாகச் சிரித்தேன். நீ முழுவதையும் சாப்பிட்டாய்.

பிறகு இரண்டு மாதம் வேலை தேடினாய். கலிபோர்னியா டப்ளினில் உன் சாச்சி மகள் வீட்டில் தங்கி, தினமும் இன்டர்வியூவுக்குப் போய் வந்தாய். எல்லா இடத்திலும் ஒரே பதில். நாங்கள் எண்ணுகிறோம், எங்களுக்கு அர்த்தம் சொல்ல ஆள் வேண்டாம். அங்கேயும் என்னை மாதிரி ஒருத்தி உட்கார்ந்திருந்திருப்பாள். விசா முடிந்தது, பெட்டி கட்ட நியூ ஜெர்சிக்குத் திரும்பி வந்தாய். நெவார்க் ஏர்போர்ட்டில் உன்னை இறக்கிவிட்டேன். பின்னால் நின்ற கார்க்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். கைப்பையைத் துழாவி இந்த சிடியை எடுத்து நீட்டினாய்.

"இதை வச்சுக்க. உதாரணத்தை மட்டும் வெட்டிராத."

அவ்வளவுதான். தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாய். நான் அழுதேன் என்று சொன்னால் நம்புவாயா? அழுதேன். ஆனால் ரூட் ஒன் வருவதற்குள் துடைத்துக்கொண்டேன், டேகேரிலிருந்து பிள்ளையைக் கூட்டி வர நேரமாகிவிட்டது.

எனக்குக் கிரீன் கார்டு வந்தது. அவருக்கு டெக்சாஸில் வேலை கிடைத்து ஃபிரிஸ்கோவுக்கு வந்தோம். புது வீடு, புது ரோடு, பாலுக்குக்கூட காரை எடுக்க வேண்டும். அந்தக் கடிதப் பெட்டியை அதன்பின் யார் படித்தார்கள், படித்தார்களா என்பதே எனக்குத் தெரியாது. கெட்டில்காரக் கிழவி என்ன ஆனாள்? இது எப்போதாவது டிஷ்வாஷரில் பாத்திரம் அடுக்கும்போது வரும். உடனே டிவியைப் போடுவேன்.

நீ திருநெல்வேலியில் ஒரு காலேஜில் பாடம் எடுத்தாய். பெருநாளுக்கு மெயில், பொங்கலுக்கு மெயில் என்று நமக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சென்ற வருடம் வயிற்றில் கட்டி என்று எழுதினாய். அன்றைக்கே போன் செய்தேன். என்ன கேட்பது என்று தெரியாமல், "வலி எப்படிடி இருக்கு?" என்று கேட்டேன்.

"எல்லாரும் ரொம்ப வலிக்குதா, கொஞ்சமா வலிக்குதான்னுதான் கேக்குறாஹ. எப்படின்னு நீ ஒருத்திதான் கேட்டிருக்க" என்றாய். பிறகு சொன்னாய். காலையில் இழுத்துப் பிடிக்கும், சாப்பிட்டால் எரியும், படுத்தால் முதுகு வரைக்கும் குடையும், உம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் கொஞ்சம் மறக்கும். ஒவ்வொன்றாக இடம் போட்டு உட்கார வைத்தாய். நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். "டாக்டர் என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன். இரண்டு வாரம் கழித்து, நீ காக்கா என்று சொல்லும் உன் அண்ணனிடமிருந்து மெயில் வந்தது. தலைப்பைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

நேற்று மத்தியானம்தான் சிடியைப் போட்டேன். ஆயிரத்துக்கும் மேல் பதிவுகள். ஹாஷ் போட்ட வரிகளை மட்டும் தேடி எடுத்தேன். வெட்டத் தெரிந்தவளுக்கு எடுக்கவா தெரியாது? இங்கிலீஷ் எழுத்தில் உன் தமிழ். வாய்விட்டுப் படித்தால்தான் பிடிபடுகிறது. படிக்கப் படிக்க என் வாயிலிருந்து உன் பேச்சு வந்தது. ஹோம்வொர்க் செய்துகொண்டிருந்த மகள் நிமிர்ந்து, "ஹூ டாக்ஸ் லைக் தட்?" என்று கேட்டாள். என் ஃப்ரெண்டு என்றேன்.

'சுமந்து போ' என்ற பொருளுள்ள சொல்லுக்கு உன் உதாரணம்: "அவ தினமும் என்னைய கார்ல கொண்டு போறா. வழி முழுக்க ஏசிக்கிட்டே ஓட்டுறா. என்னைய இல்ல, ரோட்டை."

'காத்திரு'வுக்கு: "உம்மா வெள்ளிக்கிழமையே போன் பக்கத்துல உக்காந்துருவாஹ. நான் ஞாயித்துக்கிழமைதான் கூப்பிடுவேன்."

'பயப்படு'வுக்கு: "மெர்ஜ் பண்ணத்தான் பயம். காக்காகிட்ட நல்லா ஓட்டுறேன்னு சொல்லி வச்சிருக்கேன்."

ஒரு இடத்தில் என் மகள்கூட இருக்கிறாள், உன் மடியில் தூங்கி உன் புடவையை நனைத்ததற்காக. இரண்டு வருடத்து வாழ்க்கையை நீ மெஷின் படிக்காத இடத்தில் எழுதி வைத்திருக்கிறாய். நானும் படிக்காத இடம் அது. சிரித்தேன், மூக்கைச் சிந்தினேன், நடுவே எழுந்து போய் அடுப்பை இரண்டு தடவை அணைத்துவிட்டு வந்தேன், எரியாத அடுப்பை.

பதிவுகளைத் தேதிவாரியாக அடுக்கினேன். கடைசிப் பதிவு அந்த மீட்டிங் நடந்த புதன்கிழமைக்கு மறுநாள் எழுதியது. டெஸ்ட் முடிந்து, உன் வேலை போவது உறுதியான பிறகும் உட்கார்ந்து ஒரு பதிவு எழுதியிருக்கிறாய். 'ஒமிட்' என்ற வினைச்சொல். வேண்டுமென்றோ வேண்டாமலோ ஒன்றைச் சேர்க்காமல் விடுவது. அதற்கு ஐந்து இடம் போட்டிருந்தாய். கீழே ஹாஷ் குறிகளோடு இப்படி:

# யார்: அவ.

# எதை: கையால எழுதின லெட்டரை.

# எதிலிருந்து: டெஸ்ட்ல இருந்து.

# தெரிஞ்சா தெரியாமலா: தெரிஞ்சுதான். மீட்டிங் புதன்கிழமை. அவ லெமன் ரைஸ் கொண்டுவர ஆரம்பிச்சது திங்கக்கிழமை.

# ஏன்:

அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை. அந்த ஒரு இடத்தைக் காலியாக விட்டிருந்தாய்.

எல்லாம் தெரிந்து அந்த லெமன் ரைஸைச் சாப்பிட்டிருக்கிறாய். தெரிந்துதான் ஏர்போர்ட்டில் சிடியைக் கொடுத்திருக்கிறாய். தெரிந்துதான் போனில் உன் வலியை ஒவ்வொன்றாகச் சொன்னாய். நானாகச் சொல்வேன் என்று பார்த்தாயா? ஓர் ஆள் வராத சஹனில் கை வைக்காத ஊர்க்காரி நீ. சாகும்வரை மூன்று வருடத்துக்கு மேல் தட்டை அப்படியே வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாய். ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா? திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், கத்துகிற வாக்கில் உண்மை வந்திருக்கும். எனக்கு உன்மேல்கூடக் கோபம் வருகிறது, பார். இந்த லட்சணத்தில் இருக்கிறேன்.

இன்று காலை, சிடியிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றிய அந்த ஃபைலைத் திறந்து 'ஏன்' என்பதற்கு எதிரே எழுத உட்கார்ந்தேன். 'விசா' என்று எழுதினேன். பொய்யில்லை, ஆனாலும் அழித்தேன். 'குழந்தை' என்று எழுதினேன். அவளை இதில் இழுக்கக் கூடாது என்று அதையும் அழித்தேன். எழுந்து கையைச் சுற்றும் பயிற்சி செய்தேன். வாஷிங் மெஷின் கூப்பிட்டது, போய்த் துணியை மாற்றிப் போட்டேன். திரும்பி வந்து, அந்தச் சனிக்கிழமை பார்க்கிங்கைப் பார்த்துக்கொண்டு நின்றபோது என் மனசில் உண்மையில் என்ன இருந்தது என்று யோசித்தேன். விசா பயம் இருந்தது. அதற்கும் முன்னால் ஒன்று இருந்தது. இரண்டு வருடம் நான் உன்னைக் கேலி செய்த விஷயத்தில் நீ சரி, நான் தப்பு என்று அந்த மெஷினே எனக்குக் காட்டிவிட்டது. அதை இன்னொருத்தர் பார்ப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

அதை 'ஏன்' என்பதற்குக் கீழே தனி வரியாக அப்படியே எழுதினேன், உன் மாதிரியே இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக. "அவ ஜெயிச்சுட்டான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. வேற யாருக்கும் தெரியக் கூடாதுன்னு நினைச்சேன்."

இனி நான் யாருடைய ஃபைலிலும் ஹாஷ் போட்ட வரியைப் படிக்காமல் வெட்ட மாட்டேன். மகள் விழுந்துவிட்டு வந்தால் எவ்வளவு வலி என்று கேட்காமல், எப்படி வலிக்கிறது என்று கேட்பேன். நேற்றே தொடங்கிவிட்டேன், முழங்கையில் சின்ன சிராய்ப்பு. "லைக்... எரியுது" என்றாள். இவையெல்லாம் உனக்குச் சமாதானமாகாது என்று தெரியும். லெமன் ரைஸ் மாதிரிதான் இவையும்.

வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்கிறது. முடிக்க வேண்டும். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நான் எழுதிய அந்த வரிக்கு முன்னால் ஹாஷ் குறி போடவில்லை. புரோகிராம் இனி அதைத் தாண்டிப் போக முடியாது. யார் ஓட்டினாலும் அந்த இடத்துக்கு வந்ததும், இது எனக்குப் புரியவில்லை, இதற்கு மேல் போக மாட்டேன் என்று நின்றுவிடும். நிற்கட்டும்.